மாமனார் போட்ட ஆயின்மென்ட்

சேலையைத் திரையாகப் பிடித்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு ஆனந்த் வெளியே வந்தான். இடுப்பில் ஈர வேட்டி, கையெல்லாம் சீயக்காய். இறந்துபோன அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து வந்ததைச் சந்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் நேராக மனைவி மோகனப்ரியாவிடம் வந்தான்.

“பிரியா, உள்ள வா.”

“குளிப்பாட்டி முடிச்சிட்டீங்களா?”

“வான்னா வா.”

சமையலறைக்குள் போனதும் அழப்போகிறான் என்று நினைத்தாள். ஆனால் லாட்டரி விழுந்தவனைப் போல அவன் கண்கள் விரிந்திருந்தன.

“அப்பாவுக்கும் பண்ணிருக்கு.”

“என்னாது?”

“அதான், ஹரீஷுக்கு நாளைக்குப் பண்ணப் போறோமே, அந்த ஆபரேஷன். முன்தோல எடுத்திருக்காங்க. கோவணம் மாத்தறப்போ நானும் அண்ணனும் பாத்துட்டோம். அண்ணன் வாயே தொறக்கல.”

அண்ணன் கமலக்கண்ணன் வாயைத் திறக்கவில்லை என்பது சாதாரண விஷயமில்லை. “நம்ம வீட்ல யாருக்குடா இந்த வேலையெல்லாம் பண்ணியிருக்கு?” என்று இத்தனை நாளாகக் குதித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

பிரியாவின் இடுப்பில் எட்டு மாத ஹரீஷ் அவள் தாலிச்சரட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். சிறுநீர் போகும்போதெல்லாம் அவனுக்கு முன்தோல் பலூனைப் போல உப்பும். வீடே அதிரக் கத்துவான். அங்கே தொற்று ஏற்பட்டு இரண்டு முறை காய்ச்சல் வந்து டிரிப்ஸ் ஏற்றியாயிற்று. ஓசூர் டாக்டர், தோலை எடுத்துவிட்டால் தொற்று குறையும் என்றார். பெங்களூர் டாக்டரோ, இந்த வயதில் தோல் இறுக்கமாக இருப்பது இயல்புதான், பெரும்பாலும் தானாகவே தளரும், ஆயின்மென்ட் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்ததோடு சரி. ஆனந்த் செல்போனில் ஒரு வீடியோ பார்த்து வெட்டலாம் என்பான், அடுத்த வீடியோ பார்த்து வேண்டாம் என்பான். பிரியாவோடு கம்பெனியில் ஒரே லைனில் நிற்கும் ஷாகீனா, “எங்க வீட்ல எல்லாப் பசங்களுக்கும் பண்றதுதான்கா, சீக்கிரம் ஆறிடும், பயப்படாதீங்க” என்று தைரியம் சொன்னாள். குழந்தையின் பிஞ்சுக் கையில் ஊசியைப் பார்த்தவள் பிரியா. வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். இன்று விடியலில் மாமனார் பெரியதம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகும், நாளைய ஆபரேஷனைத் தள்ளிப்போட அவளுக்கு மனம் வரவில்லை.

மாமனார் மட்டும் இதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பேச்சு வந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவருக்கும் பிடிக்கவில்லை என்றுதான் பிரியா நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவருக்கே ஆகியிருக்கிறது! இனி யார் என்ன சொல்ல முடியும்? துக்க வீடு என்பதுகூட மறந்து அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

பெண்களுக்கு நடுவே அழுதுகொண்டிருந்த மாமியார் நாகம்மாளின் காதருகே குனிந்தாள்.

“அத்தை, மாமாவுக்கு எப்ப ஆபரேஷன் பண்ணாங்க?”

நாகம்மாள் மூக்கைச் சிந்தினாள். “பாத்துட்டானுங்களா? சுகர்ல புண்ணு ஆறவே இல்லம்மா. நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கிருஷ்ணகிரில பண்ணாங்க. அப்புறம்தான் சௌகரியமா இருந்தாரு.”

“எங்ககிட்ட சொல்லவே இல்லயே!”

“இதப் போயி டமாரம் அடிப்பாங்களா?”

“அப்ப ஹரீஷுக்குப் பண்றதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல?”

“வேணும்னா பண்ணித்தான் ஆவணும். நான் தடுக்கல. ஆனா அவரு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்னக் கேட்டாங்க, நான் சரின்னேன், வெட்டுனாங்க. இந்தப் பச்சப்புள்ளய யாரு கேப்பாங்கன்னு.” சொல்லிவிட்டு நாகம்மாள் மறுபடி அழத் தொடங்கினாள்.

பிரியாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. குழந்தையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

“பேரப்புள்ளைங்க வாங்க, நெய்ப்பந்தம் புடிக்கணும்!” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கமலக்கண்ணன் குழந்தையைப் பார்த்தார். பிரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பந்தம் புடிக்கிற புள்ளைக்கு டயப்பர் எதுக்கு? கழட்டும்மா.”

அரைஞாண் கயிறு மட்டும் மிஞ்சியது. குட்டிக் கையில் பந்தத்தைக் கொடுத்து, தன் கையால் பொத்திப் பிடித்தபடி பிரியா பாடையைச் சுற்றினாள். கமலக்கண்ணனின் மகள் தர்ஷினி தன் பந்தத்தோடு முன்னால் நடந்தாள். மாமனாரின் கால்மாட்டுக்கு வந்தபோது ஹரீஷின் உடம்பு விறைத்தது. பிரியாவுக்குத் தெரியும், அடுத்தது அந்தக் கத்தல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தல் வரவில்லை. நேராக ஒரு தாரை கிளம்பியது. பெரியதம்பியின் கால்விரல்களைத் தாண்டி, தர்ஷினியின் பந்தத்தில் போய் விழுந்தது. உஸ்ஸென்று புகை எழுந்தது.

பறைகூட ஒரு கணம் நின்றது. “அடேய், தாத்தா பந்தத்தையே அணைச்சிட்டான்டா!” என்று கமலக்கண்ணன் கத்தினார். சந்து முழுக்கச் சிரித்தது. நாகம்மாளும் கண்ணீரோடு சிரித்தாள்.

பிரியா மட்டும் குனிந்து பார்த்தாள். உப்பவில்லை. பலூனும் இல்லை, ஒன்றுமில்லை. குழந்தை பொக்கை வாயைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்தை! எப்ப இருந்து இப்பிடிப் போறான்?”

“ரெண்டு மூணு நாளாத்தான் இப்பிடி, கத்தாம போறான். நீங்க ரெண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போனதும் டயப்பரக் கழட்டிட்டு அவருதான் அந்த ஆயின்மென்டப் போடுவாரு. வந்ததும் நீ டயப்பர மாட்டிடுவ. நீ எங்க பாத்த?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!”

“சொல்லுங்கன்னேன். மருமககிட்ட அதப் போயி நான் எப்பிடிடீ பேசுவேன், ஆபரேஷன் அன்னிக்கு டாக்டரே பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும்னாரு. என்னையும் சொல்ல விடல.”

பாடையைத் தூக்கினார்கள். பறை மறுபடி முழங்கியது. சந்து முனையில் பூக்கள் சிதற, கம்பெனி பஸ் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. பிரியா அப்போதுதான் அழுதாள், எல்லோரையும்விடச் சத்தமாக.

வீடு கழுவிவிட்ட பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள்.

“இல்லங்க, வீட்ல ஒரு சாவு. அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றோம். ஆபரேஷனுக்கு இல்ல. டாக்டர் ஒருவாட்டி பாக்கட்டும்.”

ஜன்னலில் மாமனாரின் ஷேவிங் செட்டுக்குப் பக்கத்தில் அந்த ஆயின்மென்ட் டியூப் கிடந்தது. கடைசிச் சொட்டையும் விடக் கூடாதென்று அடியிலிருந்து கழுத்துவரை இறுகச் சுருட்டியிருந்தார். பிரியா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து டியூபை அழுத்தினாள். இன்னும் ஒரு வேளைக்கு இருந்தது.