துணித்திரையில் ஒரு லிங்க்

இந்தோனேசியாவின் செமாராங் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ரெட்னோ பதினாறு வருடமாக வலைப்பூ எழுதுகிறாள். அதைப் புதிய மென்பொருளுக்கும் வேறு சர்வருக்கும் மாற்றித் தர வந்திருந்தான் தம்பி பாகஸ்.

"இது ஓசிதான் அக்கா, பார்க்க ஜோரா இருக்கும். பழைய லிங்க் மட்டும் வேலை செய்யாது. அதை எவன் பார்க்கப் போறான்?"

"எவனா? வாடா!" என்று தெருமுனை சோத்தோ சூப் கடைக்கு அவனை இழுத்துப் போனாள். வாசலில் தொங்கிய துணித்திரையில், கடையின் பெயரைவிடப் பெரிதாக, அந்தக் கடையைப் பற்றி அவள் எழுதிய பதிவின் லிங்க் அச்சாகியிருந்தது.

"இந்த ஊர்ல நாப்பது கடைல இப்படித் தொங்குது. பழைய லிங்க் ஓடாத எதுவும் எனக்கு வேணாம்."

கடைக்காரர் துகிமான் எட்டிப் பார்த்தார். "திரை கிழிஞ்சுபோச்சும்மா, புதுசு அடிக்கக் கொடுக்கப்போறேன். லிங்க் அதேதானே?"

ரெட்னோ தம்பியை முறைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் சாகுற வரைக்கும் அதேதாண்ணே."