அடியில்லாத கூடை

கூடை பின்னப் பழக்க வந்த வெள்ளைக்காரி மார்கிட் தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கம்பை உருவி எடுத்தாள். நீர் சொட்டச் சொட்ட அதைத் தன் சுட்டுவிரலில் மோதிரம்போலச் சுற்றினாள். கண்ணகை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இப்போது முறியும், இதோ முறியும் என்று காத்திருந்தாள். முறியவில்லை. முந்தின கிழமை இதே கட்டிலிருந்து எடுத்த காய்ந்த கம்பொன்றை அவளே வளைத்துப் பார்த்திருக்கிறாள். ஈர்க்கைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. ஆனால் பட்டென்று இரண்டாகிவிட்டது.

"என்ன மாயம் கா இது?" என்றாள்.

"மாயமில்ல அக்கா. ஊறப் போட்டா கம்புக்கு மனசு இளகுமாம்" என்றாள் ஷாகிரா. பிறகு தானே சிரித்தாள். "அவ சொன்னது ஊறினா வளையுமெண்டு மட்டுந்தான். மனசை நான் சேத்துச் சொன்னன்."

ஷாகிரா ஏறாவூர்க்காரி. தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். இங்கிலீஷ் தெரியும் என்பதால் மார்கிட்டின் பேச்சைத் தமிழில் சொல்ல வந்திருந்தாள். சண்டை முடிந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. வழியில் எங்கும் சோதனைக்காகப் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்கத் தேவையில்லாமல் அவள் ஏறாவூரிலிருந்து தேற்றாத்தீவுக்கு வந்து போனாள். அதை அவள் தினமும் ஒரு அதிசயம்போலச் சொல்லுவாள். "இருந்த சீட்டிலயே இருந்து வந்தன் அக்கா, நித்திரையும் கொண்டன்!"

வாவிக் கரையில் இருந்த அந்த மண்டபத்தில் கூடை பின்னப் பழக வந்தவர்கள் எல்லோரும் கடலும் சண்டையும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்ட பெண்கள். அதைப்பற்றி அங்கே யாரும் பறைவதில்லை. குளிர் நாட்டு ஆற்றங்கரைகளில் வளரும் வில்லோ என்ற மரத்தின் கம்புகளைப்பற்றித்தான் பேச்சு. பெண்கள் அதற்கு வெள்ளைக்காரக் கம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். நனைந்த கம்பில் ஒரு கசந்த மணம் வரும். கண்ணகை யாரும் பார்க்காத நேரம் அதை மோந்து பார்ப்பாள்.

மகள் விதுர்ஷாவும் அவளோடு வருவாள். நாலு வயதுப் பிள்ளை. வீட்டிலிருந்து மண்டபம்வரை நடந்தே வருவார்கள். வழியில் பிள்ளைக்குக் கால் உழைந்தால் அது தெருவோரம் குந்திவிடும். கண்ணகையும் பக்கத்தில் குந்துவாள். சேலைத் தலைப்பால் அதன் முகத்தைத் துடைப்பாள், பூவரசம் இலையில் பீப்பீ செய்து கொடுப்பாள், உழைவு ஆறும்வரை காத்திருப்பாள். தூக்கமாட்டாள்.

அவள் மகளை ஒருநாளும் தூக்கியதில்லை. பால் குடிக்கும் நாளிலும் மச்சாள் யாராவது எடுத்து மடியில் வைக்கவேண்டும். குளிப்பாட்டுவாள், சோறு தீத்துவாள், தலை வாருவாள். நிலத்திலிருந்து எடுப்பதும் சுமப்பதும் அவள் புருசன் யோகராசாவின் வேலை என்று வீட்டில் யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது.

கடல் ஊருக்குள் வந்த அன்று, மூத்தவன் மதுஷனை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கடலிலிருந்து வாவிப் பக்கமாக ஓடினாள். கை நழுவிப்போயிருக்கும் என்று சனம் ஆறுதலாகச் சொன்னது. கண்ணகைக்குத் தெரியும், கை நழுவவில்லை. இறுகத்தான் பிடித்திருந்தாள். பிள்ளையின் விலாவில் தன் விரல்கள் பதிந்திருக்கும் என்கிற அளவுக்கு இறுகப் பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்தும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. நழுவவிட்டிருந்தால் அடுத்தமுறை இன்னும் இறுக்கலாம் என்று நினைக்கலாம். இறுக்கியும் போனதென்றால் பிறகு எதை நம்பித் தூக்குவது? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

மார்கிட் கண்ணகையைவிட இளையவள். கதைக்கிறது குறைவு. ஒவ்வொருத்தியின் பின்னாலும் வந்து நின்று கையை மட்டும் பார்ப்பாள். கண்ணகையிடம் வரும்போதெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"இறுக்காதீங்க எண்டு சொல்றா அக்கா."

"இறுக்காட்டி அவிழ்ந்திடாதா?"

ஷாகிரா கேட்டாள். மார்கிட் பின்னிக்கொண்டிருந்த கூடையை அவர்கள் முன் வைத்து ஒரு கம்பின் நுனியைக் காட்டிப் பேசினாள். ஷாகிரா அந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதில முடிச்சே இல்லையாம் அக்கா. ஆணியில்ல, கயிறில்ல. ஒவ்வொரு கம்பும் நிமிரத்தான் பாக்குதாம். பக்கத்துக் கம்பு அத விடுதில்லையாம். பக்கத்துக் கம்பும் நிமிரப் பாக்குது, அத இது விடுதில்ல. அதுதான் கூடையாம்."

கண்ணகை வலை முடிந்து வளர்ந்தவள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கிப் பழகியவள். முடிச்சில்லாமல் ஒரு பொருள் நிற்கும் என்பது, தூணில்லாமல் வீடு நிற்கும் என்பதுபோல இருந்தது. மார்கிட்டின் கூடையைத் தூக்கி உதறிப் பார்த்தாள். அசையவில்லை. காதோடு வைத்துப் பார்த்தாள். உள்ளே எங்கோ மெல்ல முறுகும் ஓசை கேட்டது.

சின்னக் கூடைகள் பழகி முடிந்தபின், ஒவ்வொருத்தியும் தன் எண்ணப்படி ஒரு பெரிய கூடை செய்யலாம் என்றாள் மார்கிட். கண்ணகை முற்றத்துக்குப் போனாள். மணலில் வட்டமாகக் கம்புகளைக் குத்தினாள். குத்திய கம்புகளைச் சுற்றி மெல்லிய கம்புகளை ஓடவிட்டு மேலே மேலே பின்னினாள். கை தானே ஓடியது. தலை நிமிரவில்லை. மேலே போகப் போகக் கூடை ஒடுங்கியது. நுனிகளை மடக்கிச் சொருகி, மணலிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள்.

முதலில் றஸீனாதான் கண்டாள். காத்தான்குடியிலிருந்து வரும், பாய் இழைக்கும் பெண். "இஞ்ச பாருங்க கா! கூடைக்கு அடி எங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். கண்ணகை கூடைக்குள் பார்த்தாள். அதனூடாகத் தன் கால்விரல்களைக் கண்டாள்.

"கரப்பு கட்டியிருக்காள்!" என்று ஒருத்தி சிரித்தாள். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீனின்மேல் கவிழ்க்கிற, அடியில்லாத கூடு கரப்பு. கவிழ்த்தபின் மேல்வாயால் கையை விட்டு மீனைத் துழாவி எடுப்பார்கள். கண்ணகையின் அப்பா வீட்டில் வலையோடு அதுவும் தொழில். சின்ன வயதிலிருந்தே அவள் கைக்குத் தெரிந்த ஒரே கூடை அது.

"சந்தைக்குக் கொண்டு போ கா. கத்தரிக்காயெல்லாம் வழி நெடுக விழும், பின்னால மாடு வரும்" என்றாள் றஸீனா. கண்ணகைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்கிட் சிரிக்கவில்லை. கூடையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். ஷாகிரா வேகமாகச் சொன்னாள், "அக்கா, இது நல்ல வடிவாம். பாசிக்குடாவில புதுசாக் கட்டுற ஹோட்டலுக்குக் குடுப்பமாம். அங்க மண்டபத்தில தொங்கவிடுவாங்களாம். உள்ளுக்குள்ள லைற் போடலாமாம். இப்படியே இருக்கட்டுமாம்."

"வேணாம்" என்றாள் கண்ணகை.

"ஏன் அக்கா? புகழுறா மனுசி."

"இது ஒண்டையும் வைச்சிருக்காது." குரல் ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு அடியுள்ள கூடை வேணும்."

ஷாகிரா அதை மொழிபெயர்க்கவில்லை. மார்கிட் கண்ணகையின் முகத்தைப் பார்த்தாள். கூடையைத் திருப்பிக் கொடுத்தாள்.

கண்ணகை அதை அவிழ்த்தாள். கம்புகளை ஒவ்வொன்றாக உருவி நிலத்தில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்புகள் நேராகக் கிடக்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எந்தக் கம்பைச் சுற்றி வந்ததோ அந்த வளைவோடு, அலையலையாகக் கிடந்தது. கூடை இல்லை. ஆனால் நிலமெல்லாம் கூடை கிடந்தது. பிரிந்தபின்னும் மறக்காத ஒன்றை அவள் முதல்தடவை கண்ணால் கண்டாள். ஒரு கம்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இனி இது உதவாதோ?"

"திரும்ப ஊறப் போட்டா உதவுமாம். ஆனா பழைய வளைவு முழுக்கப் போகாதாம். அதையும் பாத்துப் பின்னணுமாம்."

கம்புகள் மறுபடி தொட்டிக்குள் போயின. பிறகு நனைந்த சாக்கில் சுற்றி வைத்தார்கள். இந்தமுறை கண்ணகை அடியிலிருந்து தொடங்கினாள். தடித்த கம்புகள் சிலவற்றின் நடுவைக் கத்தியால் கீறி, அந்தக் கீறலுக்குள் மற்றக் கம்புகளைக் குறுக்காகச் செலுத்தவேண்டும். கத்தியை வைத்தவள் ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மதுஷனும் விதுர்ஷாவும் வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளைகள். கீறினால் பிளந்துவிடும் என்று நினைத்தாள். பிளக்கவில்லை. கீறல் திறந்தது, குறுக்குக் கம்பை உள்ளே வாங்கியது, தன் பாட்டில் மூடிப் பிடித்துக்கொண்டது. அதைச் சுற்றி மெல்லிய கம்புகளை ஓடவிட்டாள். இறுக்கவில்லை. கம்பு போக விரும்பிய பக்கம் கொஞ்சம் போகவிட்டு, அங்கிருந்து திருப்பினாள். அடி வட்டமாக விரிந்து வந்தபோது, உள்ளங்கையை அதன் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். அது பதிலுக்கு அவள் கையைத் தள்ளியது.

கடைசி நாள் கூடைகளைச் சோதித்தார்கள். மார்கிட் தன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறியே நின்று காட்டினாள். பாரம் ஏற்றாமல் கூடை முடிந்ததென்று சொல்லக்கூடாது, அவளுடைய ஊரில் அதுதான் வழக்கமாம். கண்ணகையின் கூடை ஆழமானது, இரண்டு பக்கமும் முறுக்கிய கைபிடி. அதற்குள் மணல் மூட்டை வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள் மார்கிட். ஷாகிரா மூட்டையை எடுக்கப் போனாள்.

அதற்குள் விதுர்ஷா காலைத் தூக்கிப்போட்டுக் கூடைக்குள் இறங்கிக் குந்திவிட்டாள். விளிம்புக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

"மூட்டை தானா வந்து ஏறிட்டு" என்றாள் றஸீனா.

கண்ணகை மட்டும் சிரிக்கவில்லை. "இறங்கு மனே" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"தூக்குங்க அம்மா" என்றாள் விதுர்ஷா.

ஷாகிரா ஒருபக்கக் கைபிடியைப் பிடிக்கக் குனிந்தாள். கண்ணகையின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணகை இரண்டு கைபிடிகளையும் பற்றினாள். முதலில் கூடை முனகியது. அடியிலிருந்து விளிம்புவரை ஒவ்வொரு கம்பும் தன் பக்கத்துக் கம்பில் சாய்வதை அவள் கைகளில் உணர்ந்தாள். பிறகு முனகல் அடங்கியது. பிள்ளை நிலத்தை விட்டு எழும்பினாள். இவ்வளவு பாரமா! மகளின் உயரம் தெரியும், தலைமயிரின் மணம் தெரியும், எந்தப் பல் முதலில் முளைத்ததென்று தெரியும். பாரம் தெரியாது. நாலு வருசமாக இந்தப் பாரம் உலகத்தில் இருந்திருக்கிறது. நடந்திருக்கிறது, அவள் பக்கத்தில் படுத்திருக்கிறது. இன்றுதான் காண்பவள்போல மகளைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. இறக்க மனம் வரவில்லை.

"கை நோகும் அக்கா, வையுங்க" என்றாள் ஷாகிரா மெதுவாக.

யோகராசா சைக்கிளில் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடையைப் பின்னால் வைத்துக் கட்டினார். பிறகு வழக்கம்போல மகளை எடுக்கக் குனிந்தார்.

"விடுங்க" என்றாள் கண்ணகை. "நான் கொண்டு வாறன்."

குனிந்தவர் குனிந்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முடிவுகட்டியவர்போல முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு போனார்.

அவள் மகளை எடுத்து இடுப்பில் வைத்தாள். கொஞ்சத் தூரத்திலேயே கை மரத்துப்போனது. இறுக்கியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுகைக்கு மாற்றுவதற்காகப் பிடியைத் தளர்த்தவேண்டியிருந்தது. தெருவின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு தளர்த்தினாள்.

பிள்ளை விழவில்லை. இரண்டு காலாலும் அவள் இடுப்பைச் சுற்றி வளைத்திருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, தன் பாட்டில் தாயைப் பிடித்திருந்தாள்.

"என்ன அம்மா நிண்டுட்டீங்க?" என்றாள் விதுர்ஷா. "அப்பா போறார். நடங்க."