‘போதும்’ என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு

1.

இந்தக் கதை, ஒரு படிவத்தில் நான் காலியாக விட்ட கட்டத்திலிருந்து பிறந்தது. உள்ளொளி, தரிசனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் படிவத்தின் நகல் அவர்களிடம் இருக்கிறது.

தம்பிக்கு வயது நாற்பத்தெட்டு. ஆட்டிசம். எண்ணிப் பார்த்தால் முப்பது சொற்கள் பேசுவான். அம்மா இருந்தவரை அவளோடு இருந்தான். அவள் போனபின், சென்ற ஆண்டு, ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். பன்னிரண்டு பக்கப் படிவம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘உறைவோர் தமக்கே உரிய பொருளில் பயன்படுத்தும் சொற்கள் உண்டா?’

‘உறைவோர்’ என்பதைப் பார்த்துச் சிரித்தேன். ஐஸ்கட்டியா என் தம்பி? சிரித்த சுகத்தில் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பதில் எழுதவில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பசும்புல்வெளியின் நடுவே அமைதியே உருவாய் நின்ற அந்த இல்லத்தில்—’

வேண்டாம். புல்வெளி கிடையாது. இரண்டு வேன் நிற்கும் சிமெண்ட் தரை.

அடுத்து: ‘கொடுமைக்கார மேலாளர்—’

அதுவும் பொய். இல்லம் சுத்தம். படுக்கை விரிப்பு வாரம் இரண்டு முறை மாறும். யாரும் குரல் உயர்த்துவதில்லை. வரவேற்பறைச் சுவரில் தரச்சான்றிதழ்: ‘உறைவோர் விருப்பத்தை மதித்தல் — மிகச் சிறப்பு.’ (கிண்டல் எழுதிப் பிழைப்பவனுக்கு இப்படியொரு இடம் பெரிய சோதனை.)

3.

எங்கள் பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை முட்டுக்கொடுத்திருந்தோம். அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்து “போதுமா?” என்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள், கேட்கும்போதே தட்டில் விழுந்துவிடும். தம்பி இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இந்தச் சொல் வந்தால் சாப்பாடு வரும். மூன்றரை வயதில் தட்டை நீட்டி, “போதும்” என்றான். அவனுடைய முதல் சொல். அம்மா மூன்று கரண்டி வைத்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் போதும் என்றால் இன்னும். ஊஞ்சலில் “போதும்” என்றால் இன்னும் வேகமாகத் தள்ள வேண்டும். நிஜமாகவே போதுமென்றால் எழுந்து போய்விடுவான். அதற்குச் சொல்லைச் செலவழித்ததில்லை.

அப்பா திருத்தப் பார்த்தார்.

“இன்னும்னு சொல்லுடா கண்ணு.”

“போதும்.”

“இந்த வீட்டுல எதையுமே போதும்னு சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான்.”

“காலையிலேருந்து அதைத்தானே சொல்றான்” என்றாள் அம்மா.

ஒருமுறை மாமா சாப்பிட வந்தார். போதும் போதும் என்று இரண்டு கையாலும் தட்டை மறைத்தார். தம்பிக்கு மனசு தாங்கவில்லை. தன் உருளைக்கிழங்கை எடுத்து, மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தட்டில் வைத்தான். “ஐயோ போதும்டா.” இன்னொன்று வைத்தான். மாமா அன்று ஏழு கிழங்கு சாப்பிட்டார்.

[பழைய நினைவுகளில் ஊறுகிறவர்களை அச்சில் மூன்று முறை கேலி செய்திருக்கிறேன். அந்த மூன்று கட்டுரைகளையும் இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.]

4.

நேற்று, வெள்ளிக்கிழமை, அவனைப் பார்க்கப் போனேன். சட்டைக்குள் ஆளையே தேட வேண்டியிருந்தது.

“ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கானே” என்றேன் மேலாளரிடம்.

“எட்டுப் புள்ளி ஏழு சார். பதிவு பண்ணியிருக்கோம். உணவை மறுக்குறது அவரோட உரிமை. ஆனா தட்டை எடுத்தா மேசையைக் குத்துறார். அதான் டாக்டர் வர்ற திங்கக்கிழமையிலேருந்து மாத்திரை சொல்லியிருக்கார். கொஞ்சம் மந்தமா இருப்பார், பயப்படாதீங்க.”

வெளியே வரும்போது சமையலறை ஜன்னலிலிருந்து சமையல்காரம்மா கூப்பிட்டார்.

“நீங்கதானே அண்ணன்? கதை எழுதுறவரு?”

“ஆமாங்க.”

“உங்க தம்பி போதும்னா, இன்னும் வேணும்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியுமா.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“போதும்னு நினைக்கிறவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க. இவரு கரண்டியையே பாக்குறாரு. ரெண்டு தடவை வச்சேன், வழிச்சுச் சாப்பிட்டாரு. மூணாவது தடவை மெமோ வந்துருச்சு. விருப்பத்தை மீறிட்டேனாம்.”

“வேலைக்கு வந்து எத்தனை நாளாச்சு?”

“பதினோரு நாளு.”

(இந்த இடத்தில் கதாசிரியன் கண்கலங்கினான் என்று எழுதலாம். எழுதவில்லை. அவனுக்கு எழுதக் கொடுத்த கட்டத்தில் எழுதாதவன், இங்கே மட்டும் என்ன எழுதிக் கிழிப்பது?)

5.

திரும்பிப் போய்ச் சொன்னேன். மேலாளர் சிரிக்கவில்லை.

“முன்னாடி இங்க ஒருத்தர் வேண்டாம் வேண்டாம்னு அழ அழ வாயில திணிச்சாங்க சார். அதுக்கப்புறம் வந்த விதி இது. இப்ப நீங்க உங்க தம்பி சொல்றதுக்கு நேர்மாறா செய்யச் சொல்றீங்க. எழுதிக் குடுங்க. அந்த அர்த்தம் தெரிஞ்ச குடும்பத்தாள் இன்னொருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமை காலைக்குள்ள வந்தா மாத்திரையை நிறுத்தி வைக்கிறேன்.”

“உங்க சமையல்காரம்மா போடட்டுமே.”

“பணியாளர் போடக் கூடாது சார்.”

இரவல் பேனாவோடு உட்கார்ந்தேன். ‘என் தம்பியின் மொழிவெளியில் போதும் என்பது நிறைவின்மையின்—’ அடித்தேன். ‘தாயின் கரத்திலிருந்து பிறந்த அச்சொல்—’ அதையும் அடித்தேன். கடைசியில் இதுதான் மிஞ்சியது: ‘போதும் என்றால் இன்னும் வையுங்கள். வயிறு நிறைந்தால் அவனே எழுந்து போவான்.’

பதினான்கு புத்தகம் எழுதியிருக்கிறேன். யாருக்காவது சாப்பாடு போடக்கூடிய வாக்கியம் இது ஒன்றுதான்.

6.

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

ஒன்று: மேலாளர் மனம் மாறுகிறார், தம்பி தேறுகிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். தொலைக்காட்சித் தொடருக்குக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று: மாத்திரை வேலை செய்கிறது. தம்பி மேசையைக் குத்துவதில்லை, போதும் என்பதும் இல்லை. அடுத்த ஆண்டுச் சான்றிதழில் ‘அமைதியான சூழல் — மிகச் சிறப்பு.’ இது என் கைக்குச் சுலபமாக வருகிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து சாட்சி தேடுகிறேன். அம்மா இல்லை, அப்பா இல்லை, ஏழு கிழங்கு சாப்பிட்ட மாமாவும் இல்லை. அந்தச் சொல் தெரிந்த குடும்பம் என்று இருப்பது நானும் அவனும்தான். அவனுக்கு நான் ஐந்து வயது மூத்தவன். எனக்குப் பின்னால் யார் என்று யோசித்தபோதுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது உங்களுக்கும் தெரியும். எங்கள் மேசையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. படிவத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். பெயர், கையெழுத்து, தேதி. அதற்குக் கீழே, ‘உறைவோருக்கு என்ன உறவு?’ என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவதென்று நான் சொல்லித்தர மாட்டேன்.