எதிர்க் கதவு

நல்ல சேதி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவது மார்லாவின் பலவீனம். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கோர்ட்டுக் கட்டடத்தில், இதே கவுண்டரில் வந்து நின்று, ராய்ஸ் டில்மன் என்கிற ஆள்மேல் ஏதாவது வழக்கு உண்டா என்று கேட்டாள். எல்லாம் அக்காவின் நச்சரிப்பு தாங்காமல்தான். கவுண்டர்க்காரன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். அவளுக்கு உயிர் வந்தது. கூடவே, ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் போயிற்று. அன்று சாயங்காலம் பீச் பழம் போட்டு ராய்ஸுக்குப் பிடித்த இனிப்பைச் சுட்டு வைத்தாள்.

இன்றைக்குக் கல்யாண லைசென்ஸ் வாங்க மூன்று பேருமாக வந்திருந்தார்கள்: அவள், ராய்ஸ், முதல் புருஷனுக்குப் பிறந்த எட்டு வயது டெஸ்ஸா. வரிசையில் நின்ற பிறகுதான் அடையாள அட்டையை டிரக்கிலேயே விட்டுவிட்டது ராய்ஸுக்கு ஞாபகம் வந்தது. டெஸ்ஸாவின் துணி முயலும் அங்கேதான் கிடந்தது. குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

"அவர் கையைப் பிடிச்சுக்க. ரோட்டுல மாட்டு வண்டிங்க வேகமா வரும். என்ன ஆனாலும் கையை விடக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றாள் மார்லா. சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் லாரிகளைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது. டெஸ்ஸா ஒரு மாதிரி தயங்கினாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள்.

மார்லாவுக்கு முன்னால் நின்றவர் வீடு வாடகைக்கு விடுகிற ஒரு கிழவர். புதிதாகக் குடிவர இருப்பவன் எப்போதாவது ஜெயிலுக்குப் போனவனா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"அதெல்லாம் இங்க கெடைக்காது சார்," என்றான் கவுண்டர்க்காரன். "சின்னச் சின்ன கேஸு, கல்யாணம், இது ரெண்டுதான் நம்ம இலாகா. பெரிய குத்தமெல்லாம் எதிர்க் கதவு. அது வேற ஆபீசு, வேற கம்ப்யூட்டரு."

கல்யாணத்தையும் சில்லறைக் குற்றத்தையும் யாரோ விஷயம் தெரிந்துதான் ஒன்றாக வைத்திருக்கிறார்கள் என்று கிழவர் சிரித்தார்.

மார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் அன்றைக்கு இவன் பார்த்தது சின்னக் கேஸுகளை மட்டும்தான். அன்றைக்கே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் கவுண்டர்க்காரன் வாய் என்ன கோணியா போயிருக்கும்? கேட்டதற்குமேல் ஒரு சொல் பேசினால் குறைந்துபோய்விடும் என்று நினைக்கிற ஆட்கள்தான் எங்கள் ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிரக் பின்தெருவில் நின்றது. ராய்ஸ் போய் வர அதிக நேரம் பிடிக்காது. அவள் வரிசையை விட்டு விலகி நடைவழியைக் கடந்தாள். எதிர்க் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே வெர்லீன் இருந்தாள். முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், மூக்கு நுனியில் கண்ணாடி. காரணம் கேட்பாளோ என்று மார்லா பயந்தாள். வெர்லீன் அதெல்லாம் கேட்கவில்லை. பெரிய வழக்கின் காகிதக் கட்டை யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம், அதுதான் சட்டம் என்றாள். பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். தேதி மார்லாவுக்குத் தெரியும். போன ஏப்ரலில் அவள்தான் கேக் செய்தாள்.

வெர்லீனின் விரல்கள் கம்ப்யூட்டரில் ஓடி, சட்டென்று நின்றன. நிமிர்ந்து மார்லாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குக் குழந்தை இருக்கா கண்ணு?"

"ஒரு பொண்ணு."

"இப்ப எங்க இருக்கா?"

மார்லா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். வெர்லீன் எழுந்து உள்ளே போய், ஒரு கேஸ் கட்டைக் கொண்டுவந்து பிரித்து வைத்தாள். கேஸைப் பற்றித் தானாக எதையும் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. படிக்க வேண்டிய வரியின்மேல் விரலை மட்டும் வைத்தாள்.

உடன் வாழ்ந்த பெண்ணின் குழந்தை. வயது ஆறு. கை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. குற்றம் நிரூபணம். ஐந்து வருஷம் சிறை.

வடக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்ததாக ராய்ஸ் சொன்ன ஐந்து வருஷம்! மார்லா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் கதவு திறந்தது.

"இங்க என்ன பண்றே மார்லா?" என்றான் ராய்ஸ். ஒரு கையில் அட்டை, மறு கையில் டெஸ்ஸா. குழந்தை முயலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

வெர்லீன் கட்டை மூடி அதன்மேல் முழங்கையை ஊன்றினாள். வழக்குக் கேட்க ஜூரியில் வந்து உட்காரச் சொல்லி இவளுக்குக் கடிதம் போயிருக்கிறது, அதைத் தள்ளிப்போட வந்திருக்கிறாள் என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். ஜூரி வேலையும் அந்த ஆபீஸில்தான் நடக்கிறது; நம்பக்கூடிய பொய்தான்.

ராய்ஸ் சிரித்தான். "அப்படியா? சௌக்கியமா இருக்கீங்களா மிஸ் வெர்லீன்?"

அங்கே பெயர்ப்பலகை எதுவும் இல்லை. அவள் பெயரை யாரும் சொல்லவும் இல்லை. இந்த அறை இவனுக்குப் பழக்கப்பட்ட இடம். இங்கே எது கிடைக்கும் என்பதும் இவனுக்குத் தெரியும்.

"டெஸ்ஸா, பாத்ரூம் போகணும்னியே, வா," என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"நான் சொல்லலியே," என்றது குழந்தை. எட்டு வயதுக்குப் பொய் சொல்ல எங்கே வருகிறது.

வெர்லீன் மேஜையிலிருந்து பெரிய முத்திரைக் கட்டையை எடுத்துக் காட்டினாள். "இதைக் குத்த எனக்கு ஒரு ஆள் வேணும். கை வலிக்குது. வர்றியா ராசாத்தி?"

டெஸ்ஸாவின் கண் விரிந்தது. ஆனால் ராய்ஸின் பிடி தளரவில்லை. அவன் மார்லாவையே பார்த்தபடி நின்றான். அந்த நேரம் பார்த்து ஷெரீஃபின் காவலர் ஒருவர் காபியோடு வாசலைக் கடந்தார். வெர்லீன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ராய்ஸ் கையை எடுத்தான். குழந்தை மேஜைத் தடுப்புக்குள் ஓட, மார்லாவும் பின்னாலேயே நுழைந்தாள். வெர்லீன் கொக்கியைப் போட்டாள்.

"எவ்வளவு படிச்ச?" என்றான் ராய்ஸ், மெதுவாக.

காவலர் உள்ளே வந்து நின்றார். ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். அவளுடைய வீட்டுச் சாவி அவன் சாவிக்கொத்தில் இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காவலரிடம் சொன்னாள். அவர் அவன் பின்னாலேயே விரைந்தார்.

டெஸ்ஸா முத்திரையைத் தூக்க முயன்றாள். தூக்க முடியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். மார்லா அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம், செக்கச்செவேலென்று.

"முயலைத் தேட நேரமாச்சுன்னு கோவம் வந்துருச்சு அவருக்கு," என்றாள் டெஸ்ஸா. "ரொம்ப வலிச்சுதும்மா. ஆனா நான் கையை விடவே இல்ல. நீ விடக் கூடாதுன்னு சொன்னேல்ல."