பிழையில்லாமல் வந்த பிறகு

மரியகொறற்றி டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் கூடவே ஒரு கட்டளையையும் சேர்த்துச் சொல்வார். முப்பது வருடம் வகுப்பறையில் அதட்டிப் பழகிய வாய். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்குக் குடிவந்த பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் சிங்களம் சொல்லிக்கொடுக்கும் வேலையை, ஓய்வு பெற்ற பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அவரிடம் கொடுத்தது. அந்த வாயும் கூடவே வந்தது.

தினமும் காலையில் ஒரு குரல் பாடம். பஸ்ஸில், கிளினிக்கில், பள்ளிக்கூட வாசலில் என்ன பேசுவது என்று டீச்சர் சொல்லி அனுப்புவார். கேட்பவர்கள் அதையே தங்கள் குரலில் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் நாளே டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“அரையும் குறையுமா அனுப்பாதீங்க. நல்லாப் பழகி, பிழையில்லாம வந்த பிறகு அனுப்புங்க.”

மற்றப் பெண்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வசனத்தில் பத்துப் பிழை, நடுவில் குக்கர் விசில், பிள்ளை அழுகிற சத்தம், எல்லாவற்றோடும் அனுப்பினார்கள். டீச்சர் திட்டினார், திருத்தினார். அவர்களும் தேறிக்கொண்டு வந்தார்கள். பாலம்மா மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை.

பாலம்மா தெல்தோட்டைக்காரி. கணவன் கணபதிக்குக் கண்டி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்ததும், கொழுந்துக் கூடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு மகளோடு வந்தவள். பெயர் பதிய வந்த அன்று கதிரையின் நுனியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“இவ யதுர்ஷி. வர்ற வருசம் ஒன்னாம் ஆண்டு. இங்கேயே சேர்த்து, எங்கூடவே வச்சிப் படிக்க வைக்கணும் டீச்சர். அதுக்குத்தான் நான் சிங்களம் படிக்க வந்தேன்.”

ஆறு வாரம் போயிற்று. பதில் அனுப்பாதவர்களின் பெயர் பட்டியலில் எதற்கு என்று நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறவளுக்கு என்ன பாடம் என்று, பாலம்மாவின் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கினார். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். போனில் ஒரு கோல் எடுத்து, என்னம்மா விசயம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வாரப் பாடம், ஜீ.எஸ். என்று எல்லோரும் சொல்லும் கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம் கேட்பது எப்படி என்பது. பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்பதையும் டீச்சர் அதிலேயே சொல்லியிருந்தார். பாலம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை.

ஆறு மாதம் கழித்து, புதுவருடம் பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த டீச்சர், பஸ் ஸ்டாண்டில் பாலம்மாவைக் கண்டார். தெல்தோட்டை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றாள். யதுர்ஷியின் முதுகில் புதுப் பை. பையின் விலைச் சீட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“என்ன பாலம்மா, ஊருக்கா?”

“ஆமாங்க டீச்சர். புள்ளைய அக்காகிட்ட விடப் போறேன். அங்கதான் ஸ்கூல்ல எடம் கெடச்சிச்சி.”

“ஏன், இங்க?”

“ஜீ.எஸ். கடுதாசி வேணும்னு எங்களுக்குத் தெரியலைங்க. தெரிஞ்சி போனப்ப, அவங்க சிங்களத்துல கேட்டது ஒன்னும் வெளங்கல. ரெண்டு தடவ போய் நின்னேன். அதுக்குள்ள தேதியும் முடிஞ்சிருச்சி.”

டீச்சரின் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. “அதுக்குத்தானே பாடம் அனுப்பினேன்? நீங்க ஒரு நாளாவது பேசி அனுப்பினீங்களா?”

பாலம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பிழையில்லாம வந்த பிறகுதானே அனுப்பச் சொன்னீங்க டீச்சர். எனக்கு வரவே இல்லைங்களே.”

கையிலிருந்த போனைத் திறந்து நீட்டினாள். போன் கணபதியுடையது; பயணத்துக்காக இன்று கொடுத்துவிட்டிருந்தான். மற்ற நாட்களில் விடியற்காலை அவன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் கால் மணித்தியாலம்தான் அவளுடையது. அந்தக் கால் மணித்தியாலத்தில் போனின் ரெக்கோடரில் பேசிப் பேசிச் சேமித்திருந்தாள். டீச்சர் விரலால் தள்ளத் தள்ளப் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன.

ஒன்றைக் காதில் வைத்தார். “மகே துவ மாத் எக்க இன்னவா.” என் மகள் என்னோடு இருக்கிறாள். ஒரே ஓர் இடத்தில் நாக்குத் தடுக்கியது. மற்றவர்கள் அனுப்பியதையெல்லாம்விட இது எவ்வளவோ மேல்.

“குரூப்ல இருந்து எடுத்தீங்கல்ல, அப்ப நெனச்சேன், நமக்கு வராதுன்னு டீச்சருக்கே தெரிஞ்சிருச்சின்னு. ஒங்க மேல ஒரு கொறையும் இல்லைங்க.”

நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. “கொறை என் மேலதான் பாலம்மா,” என்றார். “இனிமே எப்படி வந்தாலும் அனுப்புங்க. பிழையோடயே அனுப்புங்க.” கொண்டக்டர் கத்தினான். பாலம்மா சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பிள்ளையைத் தூக்கி ஏற்றினாள். யதுர்ஷி ஜன்னல் வழியாகக் கையசைத்தது. டீச்சரும் அசைத்தார். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைக் குழுவில் திரும்பச் சேர்த்தார். விரலால் ஒரு தட்டு. எடுத்ததும் அப்படித்தான், சேர்த்ததும் அப்படித்தான். இடையில் போன ஆறு மாதத்தை மட்டும் அப்படித் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரம் பாலம்மாவின் முதல் குரல் பதிவு குழுவில் வந்தது. தனியாகத் திரும்பி வருகிறாள் போலும், பின்னால் பஸ்ஸின் இரைச்சல். அவள் கடைசியாகப் படித்த பழைய பாடத்தைத்தான் சொல்லியிருந்தாள்.

“மகே துவ மாத் எக்க இன்னவா.”

டீச்சர் மூன்று தரம் கேட்டார். ஒரு பிழையும் இல்லை. திருத்துவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.