நெட்டைச் செடியில் ஒரு மஞ்சள் பூ

தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காதான். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தங்கையும் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது.

மருந்து ஆராய்ச்சிக்காக அரசு உரிமத்தோடு கஞ்சா வளர்க்கும் ஆய்வுக்கூடம் அது. வாசலில் இரட்டைப் பூட்டு, உள்ளே வரிசையாகக் கண்ணாடி அறைகள், அறைக்கு அறை மின்விசிறி. அக்கா அங்கே பதினோரு வருடமாகச் செடிகளைப் படம் வரைகிறாள். ஒவ்வொரு ரகத்தையும் இலை, தண்டு, பூ என்று பிரித்து அடையாளக் கையேட்டுக்கு வரைந்து கொடுப்பாள். அவள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. தங்கை தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆய்வாளர் இடம் ஒன்று காலியானபோது, அக்கா இரண்டு தடவை இயக்குநர் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

தங்கை சேர்ந்த முதல் வாரம். வெப்பமண்டல ரகம் ஒன்று அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்ததால் எல்லோரும் அதை நெட்டைக்காரி என்றார்கள். அக்கா பழக்க தோஷத்தில், குட்டை ரகங்களுக்கு வரைவதுபோலவே அதன் பூங்கொத்தையும் கெட்டியான கூம்பாக வரைந்துவிட்டாள். படத்தைப் பார்க்க வந்த இயக்குநர் பக்கத்தில் நிற்கும்போதே தங்கை சொன்னாள்:

“அக்கா, நீ செடியைப் பார்த்து வரையல, பழக்கத்துல வரைஞ்சிருக்க. இதுல பூ ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. நடுவுல காத்து போகணும்.”

பிறகு அக்காவின் பென்சிலையே எடுத்து இயக்குநருக்கு விளக்கினாள். இந்தப் பூவுக்கு இதழ் கிடையாது. சூலைப் பொத்திக்கொண்டு ஒரு சின்னப் பச்சைச் செதில், அதன் நுனியில் இரண்டு வெள்ளை இழை, அவ்வளவுதான் ஒரு பூ. குட்டை ரகங்களில் இந்தச் செதில்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நெட்டைக்காரியில் நீளமான காம்பு நெடுக இடைவெளி விட்டு, ஒரு வால் மாதிரி அடுக்கி நிற்கும். வருடம் முழுக்க ஈரக்காற்று வீசுகிற இடத்துச் செடி. நெருங்கிப் பூத்தால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும்.

இத்தனை வருடத்தில் இதை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்றார் இயக்குநர். அக்கா படத்தை அழித்தாள். தங்கை சொன்னது தவறாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். அது சரியாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டில் அம்மா தொலைபேசியில் சொந்தக்காரர்களிடம், சின்னவள் இல்லாவிட்டால் அங்கே ஒரு வேலையும் ஓடாது என்று அளந்துகொண்டிருந்தாள். பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். “அவளுக்கென்ன, வரைஞ்சுக்கிட்டு இருக்கா” என்றாள் அம்மா. துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள்.

மற்ற ரகங்கள் எட்டு ஒன்பது வாரத்தில் பூத்து முடியும். நெட்டைக்காரிக்குப் பதினான்கு வாரமாவது வேண்டும். அதன் பதினோராவது வாரத்தில் அக்கா உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஒரு கிளையை வரைந்துகொண்டிருந்தாள். பச்சைச் செதில்களின் இடுக்கில், வெள்ளை இழைகளுக்குக் கீழே, சின்ன வாழைப்பழம் போல மஞ்சளாக ஒன்று தெரிந்தது. பெண் செடியில் முளைத்த ஆண் உறுப்பு. நாள்பட்டுப் பூக்கிற இந்த ரகத்தில் அப்படி நேர்வது உண்டு. கண்டவுடன் சொல்ல வேண்டும், செடியை வெளியேற்ற வேண்டும் என்பது அங்கே முதல் விதி. மகரந்தம் வெடித்தால் அறையிலுள்ள எல்லாப் பூவிலும் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூ அந்த ஆராய்ச்சிக்கு உதவாது.

கை பாட்டுக்கு நோட்டில் அதையும் வரைந்தது. வழக்கம்போலத் தேதியும் போட்டது. நாக்கு நுனிவரை வந்த சொல்லை மட்டும் அக்கா விழுங்கினாள். அந்த அறை தங்கையின் பொறுப்பு. தினமும் இரண்டு வேளை செடி செடியாகப் பார்க்கிறவள், தானே பார்த்துக்கொள்ளட்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் இயக்குநர் யாரோ விருந்தினர்களிடம் தங்கையைக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அன்றும் அவள் சொல்லவில்லை.

இரண்டே வாரத்தில் செதில்கள் உப்பின. விரலால் நசுக்கினால் உள்ளே பால் விதை. அறையிலிருந்த ஒன்பது செடியும் போயிற்று, ஒரு வருட உழைப்பும் போயிற்று. எல்லோரையும் கூட்டி வைத்து இயக்குநர் கேட்டபோது, தங்கை எழுந்து நின்று, தவறு தன்னுடையது, தான்தான் கவனிக்கவில்லை என்றாள். அடுத்த பயிரை வேறொருவர் பார்ப்பார் என்று அவர் முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா காத்திருந்த நாள் அது. ஆனால் மனசு குளிரவில்லை. கூட்டம் கலைந்ததும் ஆளாளுக்குத் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். தவறை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்று சிலாகித்தார்கள். விழுந்தபோதும் கைத்தட்டல் அவளுக்குத்தான். அதைத் தாங்க முடியாமல் போனாளா, அல்லது சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவைத்த தங்கையின் கையைப் பார்த்ததாலா, அக்காவுக்கே தெரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். தேதியோடு அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

இயக்குநர் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள்.

“வேணும்னேதான சொல்லல?” என்று கேட்டாள் தங்கை.

“ஆமா.”

“அந்தக் கிளையை நான் தினம் ரெண்டு தடவை லென்ஸ் வச்சுப் பார்த்தேன். என் கண்ணுல படல. எனக்கு இப்ப எரியுறதே அதுதான்.”

சின்ன வயதிலிருந்து தன்னிடம் தங்கை பொறாமைப்பட்டு அக்கா பார்த்ததே இல்லை. வெட்கக்கேடான அந்த நேரத்திலும் அது அவளுக்கு ஒரு துளி இனித்தது.

கண்ணாடி அறைகளுக்குள் அக்கா இனிமேல் போகக்கூடாது என்று உத்தரவானது. பழைய கட்டடத்தில் உலர்ந்த மாதிரிகளை வரைய அனுப்பினார்கள். தங்கைக்கு நெட்டைக்காரி திரும்பக் கிடைத்தாள். வீட்டில் இரண்டு மாதம் பேச்சில்லை. ஏனென்று தெரியாமல், ஒருத்தி கேட்பதை இன்னொருத்தியிடம் அம்மா தூது சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பயிரும் பூத்துப் பத்து வாரம் கடந்தது. ஒரு பிற்பகல் தங்கை காகிதத்தில் சுற்றிய கிளையோடு பழைய கட்டடத்துக்கு வந்தாள்.

“கொஞ்சம் பாருக்கா. என் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இல்ல.”

அக்கா அரை மணி நேரம் செதில் செதிலாக விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் எங்குமே இல்லை. காற்றோட்டமாக, நேர்த்தியாக, குறை சொல்ல முடியாத பூ. அப்போது உள்ளே எங்கோ லேசான ஏமாற்றம் ஒன்று எட்டிப் பார்த்ததை அவள் கவனித்தாள். இது தன்னை விட்டுப் போகாது என்று புரிந்தது.

“சுத்தமா இருக்கு” என்றாள்.

“நிஜமாவா?”

“நிஜமா.”

தங்கை தலையாட்டினாள். ஆனாலும் கிளம்பவில்லை. அக்காவின் கையிலிருந்து லென்ஸை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், அதே கிளையை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பார்க்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.