மூன்று வெடி

எங்கள் வீட்டு குக்கர் விசிலடித்து நான்கு வருஷமாகிறது. கடைசியாக அது விசிலடித்த அன்று, என் கணவர் மாச்சய்யா, ஓய்வுபெற்ற சுபேதார், ஆறடி ஆள், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்து படுத்ததோடு நில்லாமல் என்னையும் காலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். அவர் வெளியே வர முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் பருப்பு கரியாகிவிட்டது.

எல்லையில் கண்ணிவெடி. இவருக்கு முன்னால் போன வண்டி சிதறியது. அதிலிருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். இவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது.

வேறு ஊரில் பிறந்திருந்தால் மனுஷர் எப்படியோ சமாளித்திருப்பார். பிறந்து தொலைத்தது குடகில். எங்களுக்குப் பிள்ளை பிறந்தால் ஒரு வெடி. யாராவது செத்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி. கல்யாணமென்றால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு வருஷம் தவறாமல் கைல்போத், நடவு முடிந்ததும் வரும் எங்கள் ஆயுத பூஜை. அன்றைக்குத் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்து, குழலில் செங்காந்தள் பூச்சொருகி, பன்றிக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு, மர உச்சியில் கட்டிய தேங்காயை ஆளாளுக்குச் சுடுவார்கள்.

பயப்படுவது அவர் வேலை, அதை மறைப்பது என் வேலை என்று ஆகிப்போனது. முதல் வருஷம் அவருக்குக் காதில் சீழ் என்றேன். அடுத்த வருஷம் ரத்தக் கொதிப்பு. போன வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பரில் மாலையா என்று கேட்டார்கள். விசேஷ வேண்டுதல் என்றேன். அவரோ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த அறையிலேயே தனியாகப் படுக்கவும் ஆரம்பித்தார். என்னிடம் பேசுவது "காப்பி இருக்கா" என்ற அளவில் வந்து நின்றது.

இந்த வருஷம் தப்பிக்க வழியில்லை. குடும்பத்தில் மூத்தவரான உத்தய்யா சித்தப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். முதல் வெடி அடுத்தவரான இவருடையது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று காலையே நான் பெட்டியைக் கட்டினேன். முதலில் குக்கரை எடுத்து உள்ளே வைத்தேன். பெங்களூரில் என் தங்கை வீட்டிலாவது அது விசிலடிக்கட்டும்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார்.

"இன்னும் கிளம்பலை. உங்க பயத்தோட நான் ஆயுசுக்கும் குடித்தனம் பண்ணுவேன். இந்தப் பொய்யோட முடியாது. கைல்போத்துக்குள்ள நீங்களே வாயைத் திறந்து எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இல்லைன்னா மறுநாள் முதல் பஸ் எனக்கு."

"சிரிப்பாங்க, தேச்சு," என்று என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார்.

"சிரிக்கட்டும். அவங்க பல்லு, அவங்க வாய்."

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் வேறொரு வழி கொண்டுவந்தார். சத்தம் எப்போது வரும் என்று முன்பே தெரிந்தால் பாதி பயம் போய்விடும் என்று ஊருக்குத் தெரியாமல் இவர் போய்ப் பார்த்த மைசூர் டாக்டர் சொன்னாராம். ஆகவே தோட்டத்தில் நான் சுடுவது, அவர் எண்ணுவது, அப்படியே பழகிக்கொள்வது. சொல்வதைவிடச் சுடுவது சுலபம் என்று நினைத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். எனக்கும் ஆசைதான். யாருக்கு ஊரைவிட்டுப் போகப் பிடிக்கும்?

நடவுக் காலத்தில் எங்கள் துப்பாக்கிகள் பூஜை அறையில்தான் இருக்கும். கைல்போத்துக்கு முன்னால் வெளியே எடுக்கக் கூடாது. விளக்கைப் பார்த்து ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு ரெட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு தோட்டா," என்றார் மாச்சய்யா, காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு. முகம் வெளுத்திருந்தது. "மூணு எண்ணுவேன். மூணுக்குச் சுடணும். ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்" என்று நானும் சொன்னேன்.

சொல்லிவிட்டு இரண்டு போட்டேன். மழையில் நமத்த தோட்டா, ஒன்று புஸ்ஸென்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்ற என் அதிகப்பிரசங்கித்தனம்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

வெடித்தது. துப்பாக்கி தோளில் உதைத்தது. அவர் கண்ணை இறுக மூடி, கைகளை முறுக்கிக்கொண்டு, ஆனால் நின்றார். "நின்னுட்டீங்க!" என்று கத்தப்போன சமயத்தில் உதைத்த உதையில் நழுவிய என் விரல் இன்னொரு விசையை இழுத்துவிட்டது.

இரண்டாவது வெடிக்கு அவர் தயாராக இல்லை. சேற்றில் குப்புற விழுந்தார். விரல்களால் மண்ணைப் பறித்தார். என்னைத் தொடவிடவில்லை. நான்கு வருஷம் பட்டதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நம்பி நின்ற மனிதரை நானே தள்ளிவிட்டேன். பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன்: "இது நம்ம தோட்டம். இது காப்பிச் செடி. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நான் தேச்சு. ரெண்டு போட்ட களவாணி தேச்சு."

அரை மணி நேரம் இருக்கும். மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. அப்போதுதான் ஒப்பாரி கேட்டது.

துப்பாக்கியைத் தொடாத காலத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடி. ஊருக்கு அதற்கு ஒரே அர்த்தம்: சாவு. சத்தம் வந்ததோ எங்கள் தோட்டத்திலிருந்து. வெள்ளை உடுத்திய கூட்டம் ஒன்று தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒற்றைக் கண்ணில் கட்டோடு சித்தப்பா. பின்னால் மார்பில் அடித்துக்கொண்டு பொள்ளவ்வா சித்தி. அவர்கள் கண்ட காட்சி: தரையில் குப்புறக் கிடக்கும் மாச்சய்யா, மடியில் துப்பாக்கியோடு நான்.

"அடிப்பாவி!" என்றாள் சித்தி. "சண்டைன்னு கேள்விப்பட்டேன். அதுக்காகச் சுட்டே போட்டுட்டியா?"

மாச்சய்யா தலையைத் தூக்கினார். இரண்டு பெண்கள் வீலென்று அலறினார்கள்.

என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. "ஒண்ணுமில்லை சித்தி, வழுக்கி..."

"வழுக்கலை," என்றார் அவர்.

மெல்ல எழுந்து நின்றார். முகம் முழுக்கச் சேறு. "வெடிச்சத்தம் கேட்டா எனக்கு இப்படித்தான் ஆகும். அந்தக் கண்ணிவெடிக்கு அப்புறம் இப்படித்தான். காதுல சீழும் இல்லை, மாலையும் போடலை. இவ எனக்காகப் பொய் சொன்னா. கைல்போத்துல என்னால சுட முடியாது."

நான் துப்பாக்கியை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.

சித்திதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப நீ சாகலையா? வர்ற வழியெல்லாம் உன்னைத் தங்கம் வைரம்னு புகழ்ந்துகிட்டே வந்தேனே, எல்லாம் தண்டமா?"

சிரித்தார்கள். அவர் பயந்தது போலவே எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான். நான்கு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

சித்தப்பா மட்டும் அருகில் வந்து அவர் சட்டையிலிருந்த சேற்றைத் தட்டினார். "மாலைன்னதை நம்பி நான் ஒரு வருஷமா பிரசாதத்துக்குக் காத்திருக்கேன்டா. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றவர் மலைப்பக்கம் பார்த்தார். "சரி, இப்ப அக்கரையில இருக்கிறவங்களும் வெள்ளையை உடுத்திட்டு இருப்பாங்க. போன் டவரும் படுத்துக் கிடக்கு. யாரும் சாகலைன்னு எப்படிச் சொல்றது?"

"ஒண்ணு போடலாம்," என்றார் மாச்சய்யா.

தோட்டாவை அவரே போட்டார். இன்னொரு குழல் காலி என்று இரண்டு முறை பார்த்தார். என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். மூன்றுக்குச் சுட்டேன். அவர் பிடித்த பிடியில் என் தோள் ஒரு வாரம் நீலமாக இருந்தது. ஆனால் நின்றார்.

மத்தியானம் அக்கரையிலிருந்து நீலவ்வா மூச்சிரைக்க ஏறி வந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைக்க, கையில் ஒரு நாட்டுக்கோழி.

"முதல்ல ரெண்டு, அப்புறம் ஒண்ணு. யாரு போனது, யாரு பிறந்தது?"

நான் கிணற்றடியைக் காட்டினேன். "பிறந்தது அதோ, குளிச்சுக்கிட்டு இருக்கு."

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் கோழியைப் பார்த்தார். "கிழட்டுக் கோழி. சட்டியில வேகாது," என்றார். கொஞ்சம் தயங்கினார். "குக்கர்ல வை. விசில் வர்றதுக்கு முன்னாடி மட்டும் ஒரு குரல் கொடு."

குக்கர் பெட்டிக்குள் இருந்தது. போய்ப் பெட்டியைத் திறந்தேன்.